ஆலாக்கள் முட்டையிடும் தீடையைக் காப்பது எப்படி?

தலைமன்னாருக்கு அப்பால் உள்ள ஆதாம் பாலத்து மணல் தீடைகள், அதாவது கடல் நடுவே உள்ள மணல் திட்டுகள், 2015இல் தேசியப் பூங்காவானவை. ஆகவே வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்காதீர்கள்.

ஆலாக்கள் என்ற இந்தக் கடற்பறவைகள் கூடு கட்டுவதில்லை. மணலில் ஒரு சிறு குழி, அதில் புள்ளி போட்ட ஒன்றிரண்டு முட்டைகள், அவ்வளவுதான். மணல் நிறத்திலேயே இருப்பதால் மிதித்த பிறகுதான் தெரியும். அதனால் வள்ளத்தைத் தூரத்தில் நிறுத்தி, தொலைநோக்கியால் பறவைகளை எண்ணுங்கள். கட்டாயம் இறங்க வேண்டுமென்றால் விடியற்காலையில் இறங்கி, ஈரக் கரையோடு மட்டும் நடந்து, சீக்கிரமாகத் திரும்பிவிடுங்கள், ஏனென்றால் உச்சி வெயிலில் தாய்ப்பறவை எழும்பிப் பறந்தால் நிழல் போய் முட்டைக்குள் இருக்கும் குஞ்சு வெந்து செத்துவிடும். பாவம், அதுகளுக்கு வேறு மறைவே இல்லை.

அப்புறம் கஞ்சல். மீன் குடல், சோற்றுப் பார்சல் எதையும் விடாதீர்கள், அந்த வாசத்துக்குக் காகம் வரும், வந்த காகம் முட்டையையும் பார்த்துவிடும். அறுந்த வலைத்துண்டுகளைக் குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்த பிறகு பொறுக்குங்கள். கடற்தொழில் செய்யும் அண்ணன்மாரோடு முதலிலேயே பேசிவிடுங்கள், தீடையை அவர்களைவிட அறிந்தவர்கள் யாருமில்லை.

பறவை எண்ணிப் பழக வேண்டுமா? 2010இல் ராம்சார் ஈரநிலமான, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட, மன்னார் வங்காலைக்கு மாரிக்குப் பின் போங்கள்.