ராட்டட்டூயி: காய்களைத் தனித்தனியாக வதக்குங்கள்

தெற்கு பிரான்ஸில் நீஸ் நகரத்துப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் கத்திரிக்காய், சுக்கினி (வெள்ளரிக்காய் போல நீளமான பூசணி வகை), குடைமிளகாய், தக்காளி எல்லாம் ஒரே சமயத்தில் விளைந்து குவியும். அவற்றைத் தீர்க்கப் பிறந்ததுதான் ராட்டட்டூயி என்ற காய்கறிக் கூட்டு. காய்களை வட்டமாகச் சீவி, வரிசையாக அடுக்கி ஓவனில் வைத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது 1970-களில் மிஷேல் கெரார் என்ற சமையல்காரர் கொண்டுவந்த பாணி. பார்க்க அழகுதான், ஆனால் எனக்குப் பிடித்தது துண்டு போட்டு அடுப்பில் நிதானமாக வேகவைக்கும் பழைய முறை.

நான்கு பேருக்குக் கத்திரிக்காயும் சுக்கினியும் தலா 400 கிராம், குடைமிளகாய் 2, பழுத்த தக்காளி 600 கிராம், வெங்காயம் 2, பூண்டு 4 பல். கூடவே ஆலிவ் எண்ணெய், வாசனைக்குத் தைம், பே இலை, பேசில் ஆகிய இலைகள்.

கத்திரிக்காயை 2 செ.மீ. துண்டுகளாக்கி, உப்புப் பிசிறி அரைமணி நேரம் வைத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். அகலமான வாணலியில் நன்றாகக் காய்ந்த எண்ணெயில் சிவக்க வதக்கித் தனியே வையுங்கள். போட்ட உடனே எண்ணெயை எல்லாம் குடித்துவிடும். பதறி மேலும் ஊற்ற வேண்டாம், வெந்ததும் கொஞ்சம் திரும்ப விடும். அடுத்து சுக்கினி, அப்புறம் குடைமிளகாய், ஒவ்வொன்றும் தனி ஈடு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் நீர் விட்டு அவிந்துபோகும், ஓரம் சிவக்காது. வேலை மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தக்காளியைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலுரித்து நறுக்கிக்கொள்ளுங்கள். அதே வாணலியில் வெங்காயத்தைச் சிறு தீயில் கால்மணி நேரம் வதக்குங்கள். நிறம் மாற வேண்டாம், குழைந்தால் போதும். பூண்டைத் தட்டிப் போட்டு, தக்காளி, தைம், பே இலை சேர்த்துக் கெட்டியாகும்வரை விடுங்கள்.

இப்போது வதக்கிய காய்களைச் சேர்த்து, பாதி மூடி, மிகச் சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். அடிக்கடி கிளறினால் கூழாகிவிடும், அடிபிடிக்காமல் இரண்டு தடவை புரட்டினால் சரி. உப்பு கடைசியில் பாருங்கள், கத்திரிக்காயில் ஏற்கெனவே இருக்கிறது. இறக்கியபின் பேசிலைக் கையால் கிள்ளிப் போடுங்கள்.

சூடாகச் சாப்பிடுவதைவிட மறுநாள் ரொட்டியோடு ஆறிய நிலையில் எனக்குப் பிடிக்கும். மீந்தால் வாணலியில் சூடாக்கி, நடுவே குழி பண்ணி முட்டை உடைத்து ஊற்றி மூடிவிடுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்தது.