ஒரு வாளித் தண்ணீரில் உருப்படியாகக் குளிப்பது எப்படி?

வெளிநாட்டில் வாடகை அறைக்குக் குடிபோன மூன்றாம் நாள். தலை முழுக்க ஷாம்பு நுரை. ஷவர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரைக் கூப்பிடுவது, எந்த மொழியில் கூப்பிடுவது என்றும் புரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய், குடிக்க வைத்திருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து வந்தேன். மூடியை லேசாகத் தளர்த்தி, நூல் போல ஒழுகவிட்டு, மற்றக் கையால் தலையைத் தேய்த்தேன். நுரை போனபிறகு பார்த்தால் பாட்டிலில் கால்வாசி மிச்சம்! (எனக்குக் குட்டை முடி, அதையும் சொல்லிவிட வேண்டும்.)

சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை கொட்டும். பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டருக்குக் குறையாது. அதே குளியலை 6 லிட்டரில் முடிக்கலாம். தலைக்கும் சேர்த்து என்றால் 10, 11. ஒரே ஒரு நிபந்தனை: அலசுவதற்கான தண்ணீரை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் சோப்பைத் தொட வேண்டும்.

படி 1: குழாயின் நேரத்தைப் பிடியுங்கள்

தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்காமல் வரும் என்று வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போகாது. நீங்களே ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். விட்டுவிட்டு வரும் குழாயில், அழுத்தம் குறைந்த நேரத்தில் வெளி அழுக்கு உள்ளே இழுபடும். அதனால் முதலில் வருவது பெரும்பாலும் கலங்கல்தான். அதைத் தனி வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஒதுக்குங்கள். தெளிந்தபிறகு வருவதே குளிக்க.

பிடித்து வைத்த தண்ணீருக்கு இறுக்கமான மூடி அவசியம். கொசு முட்டையிட்டுப் பறக்கத் தயாராவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை பாத்திரத்தைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைகள் சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

படி 2: எங்கே நிற்கப் போகிறீர்கள்?

பல வெளிநாட்டுக் குளியலறைகளில் தரையில் தண்ணீர் போக வழியே இருக்காது. மக்கில் மொண்டு தாராளமாக ஊற்றினால் கீழ்வீட்டுக் கூரைதான் நனையும். டப் இருந்தால் அதற்குள்ளேயே நில்லுங்கள். இல்லாவிட்டால் கால் இரண்டும் கொள்ளும் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கிப் போடுங்கள். அதில் சேரும் தண்ணீருக்குப் பிறகு வேலை இருக்கிறது.

படி 3: வெந்நீர் விளாவுவது

1.7 லிட்டர் கெட்டில் ஒன்று போதும். பச்சைத் தண்ணீர் 15 டிகிரி இருந்தால், 4 லிட்டருக்கு ஒரு கெட்டில் கொதிநீர் என்று கணக்கு; ஏறக்குறைய 40 டிகிரிக்கு வரும். தலைக்கும் என்றால் 8 லிட்டருக்கு இரண்டு கெட்டில். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், கொதிநீர் அப்புறம். கலக்கிவிட்டு முழங்கையை நனைத்துப் பாருங்கள். உள்ளங்கையை நம்பாதீர்கள், அது சூடு பழகிய தோல்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி எனக்குப் பிடிக்காது. அதுதான் இருக்கிறது என்றால், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியபிறகே தண்ணீரில் விரலை வையுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

படி 4: பங்கு பிரியுங்கள்

இந்த இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். விளாவிய தண்ணீரில் பாதிக்கும் மேல் இன்னொரு வாளிக்கு மாற்றி, கைக்கெட்டாத தூரத்தில் தள்ளி வையுங்கள். அது அலசத்தான். மீதியில் நனைவது, தேய்ப்பது எல்லாம்.

படி 5: இனி குளியல்

மக்கைக் கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் பிடித்து மெல்லச் சாயுங்கள். தண்ணீர் உடம்பை ஒட்டியே வழிய வேண்டும். தூக்கி மொத்தமாக அடித்தால் பாதிக்கு மேல் உங்களைத் தொடாமலே தரைக்குப் போய்விடும். ஊற்றும் கையைத் தொடர்ந்து மற்றக் கை தேய்த்துக்கொண்டே இறங்கட்டும். நனைய ஒன்றரை மக் போதும்.

சோப்பை நேராக உடம்பில் தேய்க்காமல், ஈரத்துணியில் இரண்டு இழுப்பு இழுத்துத் துணியால் தேயுங்கள். முகம், கழுத்து, அக்குள், இடுப்புக்குக் கீழே, கடைசியில் கால். நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் சோப்புப் போடாதீர்கள். கடினத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும், போட்ட சோப்பை அலசத்தான் கூடுதல் தண்ணீர் செலவாகும். அலசும்போது மேலிருந்து கீழே, ஒவ்வொரு தோளிலும் ஒரு மக்.

தலைக்குக் குளிக்கும் நாளில் தலையை முதலில் முடித்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டி ஷாம்புவை அரை மக் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் சீக்கிரம் பரவும், சீக்கிரம் போகும். நீண்ட முடி என்றால் தொட்டியின் மேல் குனிந்து, பின்கழுத்திலிருந்து முன்னோக்கி ஊற்றுங்கள்.

தண்ணீர் மேல் நம்பிக்கை இல்லையா?

வாயை மூடிக்கொண்டு குளியுங்கள். பல் துலக்கக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். கான்டாக்ட் லென்ஸைக் குளிப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். எந்தக் குழாய்த் தண்ணீரும் அதில் படக் கூடாது. நத்தைக் காய்ச்சல் (நன்னீர் நத்தைகளிலிருந்து தண்ணீருக்கு வரும் நுண்புழுவால் உண்டாகும் நோய், schistosomiasis) பரவும் பகுதியில் ஏரி, ஆற்றுத் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால் மொண்ட கையோடு குளிக்காதீர்கள். அந்தக் கிருமி தோல் வழியாகவே உள்ளே போகும். கொதிக்கவைத்து ஆற்றுங்கள், அல்லது மூடிய பாத்திரத்தில் இரண்டு நாள் வைத்திருந்து எடுங்கள்.

தொட்டியில் சேர்ந்த தண்ணீர்

அன்றைக்கே கழிப்பறைக்கு ஊற்றிவிடுங்கள், மறுநாள் நாற்றம் எடுக்கும். ஃபிளஷ் தொட்டியில் வேண்டாம். சோப்பும் முடியும் உள்ளே அடைத்துக்கொள்ளும். நேராகக் கோப்பைக்குள், இடுப்பு உயரத்திலிருந்து, ஐந்தாறு லிட்டரையும் ஒரே வீச்சில். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஒன்றும் நகராது.