புங்க எண்ணெய் டீசல் சோப்பாகாமல் இருக்க

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டத்து டீசல் இன்ஜினுக்காகப் புங்க எண்ணெயில் பயோடீசல் செய்ய இறங்கியபோது, எண்ணெய் மட்டமானது என்று தெரிந்தும், எண்ணெயையும் மெத்தனாலையும் வினைபுரிய வைக்கும் காரத்தை (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கைக்கு வந்தபடி கூட்டினேன். மறுநாள் கேனைத் திறந்தால் 20 லிட்டரும் களி கிண்டியது போலப் பழுப்புச் சோப்பு.

நாள்பட்ட புங்கங்கொட்டை எண்ணெயில் கொழுப்பு அமிலம் அதிகம். காரம் முதலில் அதைப் பிடித்துச் சோப்பாக்கும்; அந்தச் சோப்பு, டீசலோடு சேர்ந்து உண்டாகும் கிளிசரினையும் பிரிய விடாது. அதனால் அமிலம் எவ்வளவு என்று அளந்து பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

1 லிட்டர் வடிநீரில் 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரையுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெய், 2 சொட்டு பினாப்தலின் (காரம் மிஞ்சினால் சிவக்கும் நிறங்காட்டி). குடுவையை வெள்ளைத்தாள் மேல் வைத்து, சிரிஞ்சில் காரநீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு வரும், மறையும், மறுபடி வரும். அரை நிமிடம் நிலைத்து நின்றால் எத்தனை மில்லி போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 11 வந்தது. 4-ஐத் தாண்டினாலே நேரடியாகக் காரம் போடக்கூடாது.

கொழுப்பு அமிலத்தைக் குறைக்க முதலில் அமிலச் சுற்று. நீர் போகக் காய்ச்சி ஆறவைத்த எண்ணெய் 1 லிட்டருக்கு 250 மில்லி மெத்தனால். அதில் 5 மில்லி அடர் சல்ஃபூரிக் அமிலத்தை மெதுவாக விட்டு, எண்ணெயில் கலந்து, மூடிய பாத்திரத்தில் 55–60 டிகிரியில் 2 மணி நேரம் கலக்குங்கள். மெத்தனால் 65 டிகிரிக்குள் கொதித்துவிடும், ஆவி பார்வையையே பறிக்கும், பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. திறந்த வெளியில், கையுறை, கண்ணாடியோடு, சுடுநீர்த் தொட்டியில் வைத்துதான் சூடாக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பே எரியக்கூடாது. தமிழ்நாட்டில் மெத்தனால் வாங்க உரிமமும் வேண்டும்.

இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் மெத்தனால்-நீர்ப் படலத்தை எடுத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மிச்சமிருக்கும் சல்ஃபூரிக் அமிலமும் இந்த அளவிலேயே அடங்கிவிடும். எனக்கு 2 வந்தது.

அப்புறம் காரச் சுற்று. லிட்டருக்கு 7 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு, மறுபடி அளந்த மில்லிக் கணக்கையும் கிராமாகக் கூட்டி (எனக்கு 7 + 2 = 9 கிராம்) 200 மில்லி மெத்தனாலில் கரையுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள். இந்த வினை திரும்பி ஓடக்கூடியது. கிளிசரினை நடுவில் எடுத்துவிட்டால்தான் முழுதாக முடியும். முக்கால் பாகத்துக்குச் சற்று அதிகமாக முதலில் விட்டு, அதே சூட்டில் 1 மணி நேரம் கலக்கி, அடியில் இறங்கும் கறுப்புக் கிளிசரினை வடித்தபின் மீதியை ஊற்றிக் கலக்குங்கள். என் டீசலின் தரம் ஏறியது இதில்தான்.

3 மில்லி டீசலை 27 மில்லி மெத்தனாலில் போட்டுப் பாருங்கள். அடியில் எண்ணெய்த்துளி தங்கினால் வினை முடியவில்லை. தெளிவாகக் கரைந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள். முதல் கழுவலில் கேனைக் குலுக்கவே வேண்டாம், நீரைத் தெளித்து இறங்கவிட்டாலே போதும். பிறகு நீர் போகச் சூடாக்கி, கண்ணாடிப் புட்டிக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து படிக்க வந்தால் வடிகட்டி டேங்கில் ஊற்றலாம்.