ஓரிரவுத் தங்கலில் சிறு விமானம்: ஹேங்கருக்குள் விடுவதா, வெளியே கட்டுவதா?

வேறொரு விமான நிலையத்தில் ஓரிரவு தங்க நேரும்போது, விமானத்தை ஹேங்கருக்குள் (விமானங்களை நிறுத்தும் மூடிய கொட்டகைக்குள்) விடுவதா, வெளியில் கட்டிவைப்பதா என்பதைப் பலரும் வாடகையை மட்டும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது, இன்றிரவு வரவிருக்கும் வானிலையில் கயிறும் மேலே போர்த்தும் உறையும் தாங்க முடியாதது ஏதேனும் உண்டா என்பதுதான். இதற்கான விடையைத் தரையிறங்கிய பிறகு தேடினால் காலம் கடந்துவிடும்; மோசமான வானிலை அறிவிக்கப்பட்ட நாளில் ஹேங்கர்கள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், புறப்படும் முன்பே முன்னறிவிப்பைப் படித்து, இடம் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

முதலில் காற்று. செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானம் ஏறத்தாழ 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்) வேகத்திலேயே தன் எடையைத் தாங்கும் தூக்குவிசையைப் பெறக்கூடியது. ஆளும் சுமையும் இறங்கிய வெற்று விமானத்துக்கு அதைவிடக் குறைந்த வேகமே போதும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்வதால், 20 நாட் காற்று 40 நாட்டாகும்போது கயிற்றின் மீதான இழுப்பு நான்கு மடங்காகிறது. மூக்கைத் தூக்கியபடி நிற்கும் வால்சக்கர விமானங்களைக் காற்று இன்னும் எளிதாகக் கிளப்பும். இருப்பினும், சாதாரண இரவுக் காற்றுக்கு ஒழுங்கான கட்டு போதும் என்பதே என் கருத்து. இரு இறக்கைகளிலும் வாலிலும் உள்ள வளையங்களில் கயிற்றைக் கோத்து, அது ஏறத்தாழ 45 டிகிரிச் சாய்வில் தரைக்குச் செல்லுமாறும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தளர்வு இருக்குமாறும் கட்ட வேண்டும். நனைந்தால் சுருங்கி விமானத்தை இறுக்கும் மணிலாக் கயிற்றைவிட நைலான் கயிறு ஏற்றது. சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும், சுக்கான் முதலியவற்றுக்குப் பூட்டும் மறவாமல் இட வேண்டும். தரைக்கொக்கியைக் கையால் இழுத்துப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் மண்ணில் அடித்த முளை மழையில் இளகினால் எவ்வளவு நல்ல கயிறும் வீண்.

ஆலங்கட்டி மழை வேறு வகை. அதற்குக் கயிற்றிடம் விடையில்லை. அலுமினியத் தகடு குழிவிழும், துணி போர்த்த இறக்கை கிழியும், நார்களைப் பிசினால் இணைத்துச் செய்த கூட்டுப்பொருள் உடலிலோ வெளியே தெரியாமல் உள்ளடுக்கு பிரிந்திருக்கலாம். ஆகவே முன்னறிவிப்பில் இடிமழைக்குரிய 'டிஎஸ்' குறியீட்டைக் கண்டால், நான் வாடகையைப் பற்றி யோசிப்பதில்லை. இடிமேகத்திலிருந்து பாயும் காற்று, மேகம் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும்போதே வந்து திசையையும் சட்டென மாற்றிவிடும்; மூக்கைக் காற்றுக்கு எதிராக நிறுத்திய முன்யோசனை அப்போது உதவாது.

உறைபனியால் விமானத்துக்குச் சேதமில்லை, ஆனால் காலைப் பயணம் கெடும். சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்கு இறக்கையில் படியும் உறைபனியே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, காற்று எதிர்த்து இழுக்கும் இழுவையை 40 சதவீதம் வரை கூட்டக்கூடும் என்பதால், அதை முழுவதும் நீக்காமல் புறப்படக் கூடாது. கடுங்குளிரில் இன்ஜினும் கவனம் கேட்கும்: பெரும்பாலான லைகமிங் இன்ஜின்களுக்கு மைனஸ் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழும், கான்டினென்டல் இன்ஜின்களுக்கு மைனஸ் 7 டிகிரிக்குக் கீழும் முன்சூடு, அதாவது இயக்கும் முன் இன்ஜினைச் சூடேற்றுவது, தேவை. விடியலில் புறப்பட வேண்டியவருக்கு இங்கே சூடேற்றிய ஹேங்கர் பெரும் உதவி. ஆனால் அதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு: உள்ளே உருகிய பனிநீரைத் துடைக்காமல் விமானத்தைக் குளிருக்குள் தள்ளினால் அது கீல்களில் மீண்டும் உறையும், சூடான இறக்கைமேல் விழும் பனியும் உருகிப் பிறகு பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்ளும். விளிம்புவரை நிரப்பிய எரிபொருள் வெப்பத்தில் விரிந்து வழியும் என்பதால் தொட்டியில் சிறிது இடம் விட வேண்டும். வெளியே நிறுத்துவதானால் இதற்கு நேர்மாறாக நிரப்பி வைப்பது நல்லது: எடையும் கூடும், தொட்டிக்குள் ஈரம் படியவும் இடம் குறையும்.

ஹேங்கருக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. நெருக்கி அடுக்கும்போது இறக்கை நுனியும் வாலும் உரசுவதும், மூக்குச் சக்கரத்தை வரம்புக்கு மேல் திருப்பி இழுப்பதும் அடிக்கடி நேர்பவை. இழுப்பவரிடம் திருப்பு வரம்பைச் சொல்லி, நிறுத்து பிரேக்கையும் சுக்கான் பூட்டையும் விடுவித்து, இறக்கை நுனிகளைப் படமெடுத்துக்கொண்ட பிறகே ஒப்படையுங்கள். சேதத்துக்கு யார் பொறுப்பு, காலையில் எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பார்கள், உங்கள் விமானத்துக்கு முன்னால் வேறு எவை நிற்கும் என்பவற்றையும் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை, இரவோ அமைதியானது என்றால், நான் வெளியேதான் கட்டுவேன்.

வாடகையை, சேதம் நேர்ந்தால் காப்பீட்டில் நீங்களே ஏற்க வேண்டிய தொகையோடு ஒப்பிட்டால் போதும். வெளியே விட்டிருந்தால், ஊழியர்கள் வீடு திரும்பும் நேரத்துக்குச் சற்று முன் புதிய முன்னறிவிப்பை மறுபடி பாருங்கள். மனத்தை மாற்றிக்கொள்ள அதுவே கடைசி வாய்ப்பு.