கை நீட்ட வைக்காமல் உதவுங்கள்

இலங்கையின் வடக்கே, வன்னியில் காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடை முடிந்ததும், நெல்லை வியாபாரிக்கு நிறுத்துக் கொடுப்பதற்கு முன்பே இல்லாதவர்களுக்கென ஒரு மூட்டையை ஒதுக்கி வையுங்கள். காசு கைக்கு வந்த பிறகு பார்க்கலாம் என்றால் கடன்காரர் முந்திக்கொள்வார்.

யாருக்குக் கொடுப்பது என்பதைவிட எப்படிக் கொடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். தனியாக உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர்களுக்கு இரக்கப் பார்வை பெரும் பாரம். அதனால் வேலையோடு சேர்த்துக் கொடுங்கள். “அக்கா, இதை அவித்துக் குற்றித் தாருங்கள், பாதி உங்களுக்கு” என்று கேளுங்கள். பனையோலைப் பெட்டி இழைப்பவரிடம் பேரம் பேசாதீர்கள். முன்பணம் கொடுத்தால் ஓலைக்காக அவர் கடன்பட வேண்டியதில்லை. தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். அதை அவருடைய பிள்ளையின் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள்.

இன்னொன்று. சுவரில் தொங்கும் மகனின் படத்துக்கு மாலை இல்லையென்றால், அந்தத் தாய் இன்னும் தேடிக்கொண்டிருக்கக்கூடும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கியதும் அந்தத் தேடலால்தான். இறந்தவரைப் பற்றிப் பேசுவதுபோல் அங்கே பேசாதீர்கள். மகனின் பெயரைக் கேளுங்கள். வேறு வேலை இல்லாத நாளில் போங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் இடையில் எழுந்து வரக்கூடாது.