டிரெண்டில் கோடு அறுந்தால்: அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்போது கண்ட்ரோல் ரூமில் முதலில் கண்ணில் படுவது, அளவுகள் நேரத்தோடு மாறுவதைக் கோடாகக் காட்டும் டிரெண்ட் திரைதான். நேற்று ராத்திரி ஒழுங்காக வந்துகொண்டிருந்த கோடு நடுவில் அறுந்துபோய், இரண்டு விரல் தள்ளி மறுபடி தொடங்கியிருக்கும். "மக்கா, கம்ப்யூட்டரை ஒருவாட்டி ஆஃப் பண்ணிப் போடு, சரியாயிடும்" என்று மூத்த ஆபரேட்டர் யாராவது சொல்வார். போட்டதும் கோடு வந்துவிடும். அத்தோடு விஷயம் முடிந்தது என்று எல்லோரும் டீக்குப் போய்விடுவோம். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொரு ஓட்டை.

குளச்சல் கரையோர ஐஸ் பிளான்ட், குலசேகரம் பக்கத்து ரப்பர் பால் ஆலை, ஆரல்வாய்மொழி காற்றாலை, ஊருக்கு ஊர் இருக்கும் குடிநீர் பம்ப் ஹவுஸ் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஸ்காடா, அதாவது ஆலையைக் கம்ப்யூட்டரில் இருந்தே கண்காணிக்கும் சிஸ்டம், ஓடும் இடம் எதுவானாலும் கதை ஒன்றுதான். சென்சாரில் பிறக்கும் ஒரு மதிப்பு, இயந்திரங்களை நேரடியாக இயக்கும் கண்ட்ரோலரான பிஎல்சிக்குப் போய், கேபிள் வழியாக ஸ்காடா கம்ப்யூட்டருக்கு வந்து, டேட்டாபேஸில் எழுதப்பட்டு, அங்கிருந்து எடுத்துத்தான் திரையில் கோடாக வரையப்படுகிறது. இந்த வழியில் எந்த இடத்தில் அறுந்தாலும் திரையில் தெரிவது ஒரே வெற்றிடம். அதனால்தான் ஊகித்துக்கொண்டு கை வைக்கக் கூடாது.

முதலில் ரீஸ்டார்ட் செய்வது

நான் பார்த்ததில் அதிகம் நடப்பதும், அதிகம் கெடுப்பதும் இதுதான். ரீஸ்டார்ட் செய்தவுடன், பிஎல்சியோடு பேசும் மென்பொருளான கம்யூனிகேஷன் டிரைவரில் இருந்த டைம்அவுட் கணக்கு, அதாவது எத்தனை முறை பதில் வரவில்லை என்ற எண், பூஜ்யமாகிவிடும். மெமரியில் மட்டும் காத்திருந்த தரவு, டிஸ்க்குக்குப் போகும் முன்பே அழிந்துவிடும். திரும்பக் கிடைத்திருக்க வேண்டிய தரவை நம் கையாலேயே தொலைத்திருப்போம்.

கை வைக்கும் முன் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். கடிகாரமும் தெரியும்படி திரையைப் போனில் ஒரு படம் எடுங்கள். ஓட்டை தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் நிமிடம், முடிந்தால் வினாடி வரை எழுதி வையுங்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதி இருக்கிறது, டிரைவர் என்ன பிழை காட்டுகிறது, விண்டோஸ் ஈவென்ட் லாக்கில் அந்த நேரத்தில் என்ன பதிவாகியிருக்கிறது, இந்த மூன்றையும் பாருங்கள். அப்புறம் ரீஸ்டார்ட் செய்யலாம்.

ஓட்டையின் வடிவத்தைப் பார்க்காமல் கேபிளைக் குறை சொல்வது

பதிவாகும் ஒவ்வொரு அளவுக்கும் சிஸ்டத்தில் உள்ள பெயர்தான் டேக். எல்லா டேக்கும் ஒரே நேரத்தில் அறுந்திருந்தால் சென்சாரைத் தேடிப் போக வேண்டாம். கம்ப்யூட்டர், டேட்டாபேஸ், கரண்டு, லைசென்ஸ் இவற்றில்தான் கோளாறு. ஒரு பிஎல்சியின் டேக்குகள் மட்டும் அறுந்திருந்தால் அதன் கேபிள், ஸ்விட்ச், பவர் சப்ளை. ஒரே ஒரு டேக் என்றால் அந்த இன்ஸ்ட்ருமென்ட். இன்ஸ்ட்ருமென்ட் தன் அளவை அனுப்பும் 4–20 மில்லி ஆம்பியர் சிக்னல் 3.6க்குக் கீழே இறங்கினால் கோளாறு என்று எடுத்துக்கொண்டு அந்த மதிப்பை 'பேட்' என்று குறிக்கும்படி பல சிஸ்டங்களில் அமைத்திருப்பார்கள். டிரெண்ட் அதை வரையாமல் விட்டுவிடும்.

தினமும் ராத்திரி இரண்டு மணிக்குச் சரியாக அறுகிறதா? அது பேக்கப், வைரஸ் ஸ்கேன், கம்ப்யூட்டர் ஸ்லீப் ஆவது மாதிரி யாரோ நேரம் வைத்த வேலை. நேரம் காலம் இல்லாமல் அறுந்தால், அந்த நேரங்களில் வேறு என்ன நடந்தது என்று தேட வேண்டும்.

கடற்கரைப் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்டில் இதை நேரில் பார்த்தேன். உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையும் அமோனியா கம்ப்ரஸரின் சக்ஷன் பிரஷரும் ஒரே ஆர்எஸ்-485 கேபிளில் (பல கருவிகள் பகிர்ந்துகொள்ளும் தகவல் கேபிள்) வந்துகொண்டிருந்தன. ஒரு நாளில் பத்துப் பதினைந்து முறை அறும். கன்வெர்ட்டரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, கேபிளையே புதிதாக இழுக்கலாம் என்ற பேச்சு நடந்துகொண்டிருந்தது. அறுந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி, கம்ப்ரஸர்கள் ஓடிய நேரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டாவது கம்ப்ரஸர் ஓடும்போது மட்டும்தான் அறுந்திருந்தது. அதன் பக்கத்துச் சுவரில் இருந்த பேனலைத் திறந்தேன். டெர்மினல் ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சைப் பொடி பூத்திருந்தது. வயரை லேசாக இழுத்தேன், நாலைந்து இழை ஒடிந்து கையோடு வந்தது. கடல் காற்று தின்றது போக மிச்சமிருந்த இரண்டு இழையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்ப்ரஸர் அதிரும்போதெல்லாம் விட்டு விட்டுத் தொட்டிருக்கிறது. வயரை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, லக் போட்டு முறுக்கினோம், பேனல் கதவின் ரப்பர் பீடிங்கை மாற்றினோம். அன்றோடு நின்றது. குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் பக்கம் வேலை பார்ப்பவர்கள் டெர்மினலைத் திறந்து பார்ப்பதை மழைக்கு முன்பும் பின்பும் வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே ஆர்எஸ்-485 லைனில் இன்னொன்றும் உண்டு. லைனில் உள்ள பத்து மீட்டர் கருவிகளில் ஒன்று செத்துக் கிடந்தால், அதனிடமிருந்து பதில் வரும் என்று, ஒவ்வொன்றாகக் கேட்டு வரும் மாஸ்டர் ஒவ்வொரு சுற்றிலும் காத்திருக்கும். மற்ற ஒன்பதின் தரவும் தாமதமாகி, அவற்றிலும் ஓட்டை விழும். பழுதான மீட்டரை இந்தக் கேட்கும் வரிசையிலிருந்து (போலிங்) எடுத்துவிட்டுப் பாருங்கள், மற்றவை உயிர் பெறும்.

ஓட்டை இல்லாததை ஓட்டை என்பது

ரப்பர் பால் ஆலையில் சென்ட்ரிஃபியூஜில் கடைந்து 60 சதவீத ரப்பர் அளவுக்குக் கொண்டுவந்த பாலை, அமோனியா சேர்த்து, சில வாரம் தொட்டியில் அப்படியே வைத்திருப்பார்கள். தொட்டியின் மட்டம் அசையாது. அந்த டேக்கை எடுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு புள்ளிதான் இருக்கும். "தரவு தொலைந்துவிட்டது" என்று பதறுவார்கள்.

தொலையவில்லை. மதிப்பு மாறாதபோது, தரவைச் சேமிக்கும் டேட்டாபேஸான ஹிஸ்டாரியன் எழுதாமல் விடும். இடத்தை மிச்சம் பிடிக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. பிஐ ஹிஸ்டாரியனில் வழக்கமாக வரும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: மாற்றம் இல்லாவிட்டாலும் 600 வினாடிக்கு ஒருமுறை மதிப்பு சர்வருக்குப் போகும், 28,800 வினாடிக்கு, அதாவது 8 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஆர்கைவில் எழுதப்படும். இந்த அளவைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு புள்ளிக்கு நடுவே இருப்பது ஓட்டையா அமைதியா என்று சொல்லவே முடியாது.

இதற்கு மறுபக்கம்தான் ஆபத்தானது. இரண்டு புள்ளிகளை டிரெண்ட் திரை ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். நடுவில் நாலு மணி நேரம் தரவே இல்லை என்றாலும் பார்க்க ஒழுங்கான கோடு. ஆகவே சந்தேகம் வந்தால் டிரெண்டில் புள்ளிகள் தெரியும்படி மார்க்கரைப் போட்டுப் பாருங்கள், கூடவே ஒவ்வொரு புள்ளியின் தரக் குறியீட்டையும். கருவிகளும் ஸ்காடாவும் தரவு பரிமாறும் பொது முறையான ஓபிசியில் 192 என்றால் நல்லது, 64 சந்தேகத்துக்கு உரியது, 0 கெட்டது.

கடிகாரத்தை மறப்பது

திரையில் கடைசி ஐந்தரை மணி நேரம் மட்டும் எப்போதும் காலியா? பிஎல்சியோ, தரவை சர்வருக்கு அனுப்பும் இடைக்கருவியான கேட்வேயோ யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் முத்திரை போட, சர்வர் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. தரவு எல்லாம் பத்திரமாக இருக்கிறது, 5:30 மணி நேரம் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு பக்கம், பிஎல்சி பேட்டரி செத்திருந்தால் கரண்டு போய் வந்ததும் அதன் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். அந்த நேர முத்திரையோடு வரும் தரவு பழைய தேதியில் போய் விழும், அல்லது சர்வர் வாங்க மறுக்கும். தேடும்போது பழைய வருஷத்திலும் ஒருமுறை தேடுங்கள். எல்லாக் கருவிக்கும் ஒரே என்டிபி சர்வரில் (நெட்வொர்க் வழியாக நேரம் கொடுப்பது) இருந்து நேரம் கொடுப்பது அரை நாள் வேலைதான்.

டிஸ்க் பற்றியும் ஒன்று. எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் பதிவு செய்யும் சின்ன ஸ்காடாக்கள் நிறைய. 2008 ஆர்2 முதல் 2022 வரையான பதிப்புகளில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை. அது நிரம்பிய அன்று எழுதுவது நின்றுவிடும்; டிஸ்க்கில் 400 ஜிபி காலியாக இருந்தாலும் பயனில்லை.

ஓட்டையை நிரப்புவது

எனக்கு மிகவும் மனம் பொறுக்காத தவறு இது. மாத ரிப்போர்ட் போக வேண்டும், நடுவில் ஆறு மணி நேரம் தரவு இல்லை. யாரோ எக்ஸெலில் பூஜ்யம் போடுகிறார்கள், இல்லையென்றால் முன்னும் பின்னும் உள்ள மதிப்பை இழுத்துவிடுகிறார்கள்.

ஒரு குடிநீர் பம்ப் ஹவுஸை எடுத்துக்கொள்வோம். பம்ப் ஓடும்போது மணிக்கு 20 கன மீட்டர். தரவு இருக்கிற 18 மணி நேரமும் ஓடியது, 360 கன மீட்டர். ஆறு மணி நேர ஓட்டையில் பூஜ்யம் போட்டால் நாள் கணக்கு 360, கோட்டை இழுத்து நிரப்பினால் 480. எது சரி? ஃப்ளோ மீட்டரில், இதுவரை போன மொத்த அளவை எண்ணும் டோட்டலைசரைப் பாருங்கள். ஓட்டைக்கு முன் 81,240, பின் 81,320 என்று இருந்தால் நடுவில் போனது 80. அந்த ஆறு மணி நேரத்தில் பம்ப் நாலு மணி நேரம் ஓடி, இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறது. நாள் கணக்கு 440. பூஜ்யமும் தப்பு, இழுத்த கோடும் தப்பு.

அதனால் அளவு கணக்கு வேண்டிய எதற்கும் ஃப்ளோவோடு டோட்டலைசரையும், கிலோவாட்டோடு யூனிட்டையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். தரவு அறுந்தாலும் மீட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணை வைத்திருக்கும் 16 பிட் ரெஜிஸ்டர் 65,535ஐத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். 32 பிட் ஃப்ளோட்டில், அதாவது தசம எண் வடிவில், வைத்தால் 1,67,77,216க்கு மேல் ஒன்று ஒன்றாகக் கூட்டுவது ஏறவே ஏறாது, டோட்டலைசர் நின்றுவிட்டது போலத் தெரியும்.

காற்றாலையில் இது இன்னும் கூர்மையான விஷயம். அங்கே பத்து நிமிட சராசரிதான் வழக்கம். பத்து நிமிடத்தில் பாதிக்குத்தான் தரவு வந்திருந்தாலும் சராசரி என்று ஓர் எண் வந்துவிடும், ஓட்டை கண்ணுக்கே தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும் ஆடி மாதத்தில் அந்தப் பாதிக்குள் என்னென்னவோ நடந்திருக்கும். எத்தனை மாதிரிகளில் இருந்து சராசரி எடுத்தது என்ற எண்ணையும் பக்கத்தில் சேமிக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ்

சர்வருக்கு யுபிஎஸ் இருக்கும். தூரத்து பேனலில் இருக்கும் சின்ன நெட்வொர்க் ஸ்விட்சுக்கு இருக்காது. கரண்டு ஒரு நொடி போய் வந்தாலும் அந்த ஸ்விட்ச் எழுந்து நிற்க நேரம் எடுக்கும், அத்தனை நேரமும் டிரெண்டில் ஓட்டை. ஸ்விட்சுக்கு 24 வோல்ட் பேட்டரி பேக்கப் ஒன்று போதும்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடித்தபோது மின் கம்பங்கள் சாய்ந்து மாவட்டத்தில் பல இடங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட ஓட்டைக்கு எந்த யுபிஎஸ்ஸும் ஈடு கொடுக்காது, கொடுக்கவும் வேண்டாம். "புயல், கரண்டு இல்லை, ஆலை நின்றது" என்று டிரெண்டிலேயே குறிப்பு போட்டு காலியாக விடுங்கள். பின்னால் பார்ப்பவருக்கு அந்தக் காலியிடம் உண்மையைச் சொல்லும்.

கடைசியாக, ஸ்டோர் அண்ட் ஃபார்வர்ட் என்ற வசதி. நெட்வொர்க் அறுந்தால் தரவைக் கேட்வேயிலேயே சேர்த்து வைத்து, வந்ததும் அனுப்பும். வாங்கும்போது இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். இயக்கி வைத்திருக்கிறார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, ஆலை அமைதியாக இருக்கும் நேரத்தில், கேட்வேக்கும் ஹிஸ்டாரியனுக்கும் நடுவே உள்ள கேபிளை மட்டும் பத்து நிமிடம் கழற்றி வையுங்கள். பிஎல்சியின் கண்ட்ரோல் லைனைத் தொடவே கூடாது. வினாடிக்கு வினாடி மாறும், வினாடிக்கு ஒரு மதிப்பு பதிவாகும் ஒரு டேக்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். கேபிளைத் திரும்பச் செருகி கொஞ்ச நேரம் கழித்து எண்ணினால், அந்தப் பத்து நிமிடத்துக்குள் 600 புள்ளிகளும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.