மொட்டை மாடியில் பறவைக்குத் தண்ணீர்: சட்டி வைப்பது சுலபம், அதற்கப்புறம்தான் வேலை

போன வருஷம் மே 4, கத்திரி தொடங்கிய அன்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடியில் தண்ணீர் வைக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் ஓர் அணில்பிள்ளை செத்தது. மூன்றாவது வாரம் கொசுப்புழு பார்க்க வரும் அக்காவிடம் வசமாக மாட்டிக்கொண்டேன். தண்ணீர் ஊற்றுவதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால் நேராகச் சட்டிக்கு வருகிறேன்.

1. சட்டி

நான் முதலில் வைத்தது குளியலறையில் கிடந்த பிளாஸ்டிக் பேசின். ஒரு சாண் ஆழம், வழவழவென்ற சுவர். காலையில் போய்ப் பார்த்தால் அணில்பிள்ளை ஒன்று மிதந்தது. உள்ளே விழுந்தது ஏறி வர முடியாமல் சுற்றிச் சுற்றி நீந்தியிருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அணில்தான் மாநில விலங்கு. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த பேசின்தான் ஞாபகம் வருகிறது.

வாங்க வேண்டியது அகலமான, ஆழமில்லாத மண்சட்டி. பானை மூடியாக விற்கிற மடக்கு இருந்தால் இன்னும் நல்லது. பொங்கல் சமயத்தில் ரோட்டோரம் பானை விற்பவர்களிடமே கிடைக்கும். வில்லியனூர் பக்கம் போகிறவர்கள் அங்கேயே பார்த்து வாங்கலாம், சுடுமண் வேலைக்குப் பேர்போன ஊர். உள்பக்கம் சொரசொரப்பாக இருக்கட்டும், பளபளவென்று மெருகு போட்டது வேண்டாம், கால் வழுக்கும். நடுவிரலை நட்டுப் பார்த்தால் இரண்டு கணுவுக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது. நடுவில் ஒரு கருங்கல், தலை வெளியே தெரிகிற மாதிரி. தவறி விழுந்தது ஏறிக்கொள்ள அந்த ஒரு கல் போதும்.

ஸ்டீல் தட்டு வைக்கிறவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். மே மாதம் பதினொரு மணிக்கு அதைத் தொட்டுப் பாருங்கள்.

2. இடம்

முதல் வாரம் எதுவும் வராததற்குக் காரணம் இதுதான்: மாடிக்கு நட்ட நடுவில், வெட்டவெளியில் வைத்திருந்தேன். பறவை நேராக வந்து இறங்காது. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் தலையைத் திருப்பி வேவு பார்த்துவிட்டுத்தான் வரும். தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்கு, முருங்கைக் கிளை தெரிகிற பக்கமாக மாற்றினேன். மறுநாளே கொண்டைக்குருவி வந்தது. பூனை ஒளிந்துகொள்ளத் தோதான தொட்டிச் செடிகள் பக்கத்தில் வேண்டாம், ஐந்தாறு அடியாவது தள்ளியிருக்கட்டும்.

3. தேய்ப்பது (இதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்)

தினமும் குறைந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு என் மேல் ரொம்பத் திருப்தி. அந்த அக்கா டார்ச்சை அடித்து, சட்டியின் உள்விளிம்பில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார். கரித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

“தம்பி, இது அழுக்கு இல்ல, முட்டை. நீங்க குருவி வளக்கறீங்களா, கொசு வளக்கறீங்களா?”

“தெனமும் தண்ணி ஊத்துறேங்க்கா.”

“ஊத்துனா? தேய்ச்சீங்களா?”

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி வைக்கிறது. சட்டி காய்ந்து கிடந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீர் ஏறி நனைந்ததும் பொரிந்துவிடும், ஏழு முதல் பத்து நாளில் பறக்கிற கொசு. ஆக, நான் மேலே மேலே ஊற்றியது அதற்குத்தான் உதவியிருக்கிறது.

இப்போது என் வழக்கம்: காலையில் பழைய தண்ணீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் உள்பக்கம், முக்கியமாக விளிம்பை, அழுத்தித் தேய்ப்பேன். சோப்பு, பிளீச்சிங் பவுடர் எதுவும் கிடையாது. கம்பி நார் வேண்டாம், துருப்பிடித்த துணுக்கு சட்டியிலேயே தங்கிவிடுகிறது. மொத்தம் இரண்டு நிமிஷம்.

காக்காய் தனிக்கதை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை தெருவே மீன் குழம்பு மணக்கும். எங்கேயோ எடுத்த முள்ளையும் கருவாட்டுத் தலையையும் கொண்டுவந்து என் சட்டியில்தான் ஊறப்போடும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம். விரட்டிப் பார்த்தேன், பலிக்கவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரமாக அதற்கென்று இன்னொரு சட்டி வைத்ததும் பாதிப் பஞ்சாயத்து தீர்ந்தது. அதையும் தேய்க்கத்தான் வேண்டும்.

4. பார்ப்பது, எழுதி வைப்பது

மாடிக்கு பைனாகுலர் தேவையே இல்லை. வாங்கியே தீருவேன் என்றால் 8x42 வாங்குங்கள் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, அடுத்தது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில்). 10x50 கனம், கை ஆடும். வெறுங்கண்ணாலேயே எவ்வளவோ தெரியும். கொண்டைக்குருவி ஒரு வாய் எடுத்து, தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படியில்லை, அலகை முக்கி, தலை தூக்காமலே உறிஞ்சிக் குடிக்கும். முதல் முறை பார்த்தபோது காபியை ஆறவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பேர் தெரியாத குரலுக்கு மெர்லின் ஆப், குரலைக் கேட்டு எந்தப் பறவை என்று சொல்லும். இந்தியாவுக்கான தொகுப்பை வைஃபை இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பறவை, எத்தனை என்று பார்த்ததை, அதைப் பதிந்து வைக்கிற ஈபேர்ட் ஆப்பில் ஏற்றுங்கள். நான் செய்த தப்பு: ஏழு தவிட்டுக்குருவிகள் மூன்று முறை வந்துபோனதை இருபத்தொன்று என்று போட்டேன். ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை கண்ணில் பட்டதோ அதைத்தான் போட வேண்டும். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பிலும் மாடியிலிருந்தே சேரலாம். பிப்ரவரிக் கணக்குக்குக் குறைந்தது 15 நிமிஷம் உட்கார்ந்தால் போதும்.

பிற்சேர்க்கை: கமெண்டில் கேட்டவை

“சட்டி வெள்ளையாகிறதே?” போர் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், உப்பு பூக்கிறது. கடலோரத்தில் இது சகஜம். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

“தீனி வைக்கலாமா?” நான் வைப்பதில்லை. மிக்சரும் உப்புப் போட்ட சோறும் கூடவே கூடாது. தானியம் வைத்தால் புறாக் கூட்டம் மாடியையே எழுதி வாங்கிக்கொள்ளும். ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பழுக்க விடுங்கள், குயிலும் கொண்டைக்குருவியும் தேடி வரும்.

“குஞ்சு கீழே விழுந்துவிட்டது, தொட்டால் தாய் சேர்க்காதாமே?” அது சும்மா சொல்வது. கூடு தெரிந்தால் எடுத்து வையுங்கள். இறகு முளைத்துத் தத்துகிற குஞ்சு என்றால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், தாய் வந்து ஊட்டும்.

“நாலு நாள் ஊருக்குப் போகிறேன், சட்டியை நிரப்பி வைத்துவிட்டுப் போகட்டுமா?” வேண்டாம். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் இல்லையென்றால் தண்ணீரைக் கொட்டி, நன்றாகத் தேய்த்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.